சுத்தமாக வைக்கச் சொன்னது நான்தான்

மூன்று வருடங்களுக்கு முன், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. ஓடைக்கரையில் மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டிய குழிகளை மூடி, கொஞ்சம் மரக்கன்றுகளும் நட்டிருந்தார்கள். அங்கே செடிகொடிகள் தானாக முளைத்து மண் பிழைத்துவிட்டதா என்று அளந்து சொல்வது என் வேலை. நான் புதிதாகச் சேர்ந்தவள். இந்த அறிக்கை சரியாக வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் தடவை போனபோதே எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெரணி, புல், ஊதாப் பூச்செடி, பெயர் தெரியாத கொடிகள் என்று இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டு வெற்றி என்று எழுதிவிடலாம். மேலதிகாரியோடு திங்கட்கிழமை அளக்க வருவதாக, இடத்தைப் பார்த்துக்கொள்ளும் மாதர் சங்கத்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அங்கங்கே பியர் போத்தலும் பொலித்தீனும் கிடந்தது ஞாபகம் வந்தது. "சார் வர்றாரு அக்கா, எடத்த நல்லா சுத்தமா வச்சிருங்க" என்று அழுத்திச் சொன்னேன்.

நான் ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். தேயிலை மலையில் சுத்தம் என்றால் செடிகளுக்கு நடுவில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை சாருக்கு முன்னால் மூச்சிரைக்க ஏறிப் போனேன். நிலம் மொட்டை போட்ட தலை மாதிரி இருந்தது. மரக்கன்றுகள் மட்டும் வரிசையாக நின்றன. ஓரத்தில் ஆள் உயரக் குவியலாக என் அறிக்கை வாடிக் கிடந்தது. பக்கத்தில் பத்து அக்காமார், முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கா மிஸ்? ஞாயித்துக்கிழமை பூரா நின்னு புடுங்கினோம்" என்றார் அந்த அக்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சார் பாதை வளைவில் வந்துகொண்டிருந்தார். புத்தி கெட்டுப்போய், "இத திரும்ப நட்டுற முடியுமா அக்கா?" என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புடுங்கினதையா மிஸ்?"

சார் சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். நிலத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னை ஏசாமல் அக்காவிடம் திரும்பி, பிடுங்கக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்.

"லேசுல வந்துச்சுங்களா சார்? வேரு அம்புட்டு ஆழம். இழுத்த இழுப்புல நான் ரெண்டு தடவ மல்லாக்க விழுந்தேன்" என்று கொப்புளம் கண்ட உள்ளங்கைகளைக் காட்டினார்.

சார் சிரித்தபடி அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார். மண்ணுக்குள் உயிர் இருந்தால் மறுபடி வரும், மூன்று மாதம் கழித்து அளப்போம் என்றார். அதுவரை என் வேலையும் அந்தரத்தில்தான்.

வாரம் தவறாமல் ஃபோன் போட்டு, ஒன்றும் செய்யாதீர்கள் என்று கெஞ்சினேன். "சும்மா இருக்கிறதுதான் மிஸ் பெரும்பாடா இருக்கு. அந்தப் பக்கம் போனாலே கை அரிக்குது" என்றார் அக்கா.

மூன்று மாதம் கழித்து, செடி எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளக்க, பைப்பில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அந்த நிலத்தில் போட்டோம். உள்ளே மண்ணே தெரியவில்லை. போட்ட சட்டத்தையே தேடி எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் புல் பிடுங்கியும் பிழைத்த நிலத்துக்கு வேறு பரீட்சையே தேவையில்லை என்றார் சார். வேலையும் நிரந்தரமானது.

ஆனாலும் அந்த வெற்றியை நினைத்தால் முதலில் வருவது வெட்கம்தான். எந்த நாள், எத்தனை மணி என்றெல்லாம் சொன்ன நான், எதை அளக்கப் போகிறோம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்த அந்த மெத்தனத்துக்காகப் பத்துப் பேர் தங்கள் லீவு நாளையும் உள்ளங்கைத் தோலையும் கொடுத்தார்கள் என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.