பின் சீட்டில் கேட்ட சத்தம்

எங்கள் வீட்டுக்குப் பிளசர் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தில் காரை எங்கள் பக்கத்தில் பிளசர் என்றுதான் சொல்வோம். புதுச்சத்திரத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் அதற்கு முன் பிளசர் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். மூன்றாவது ஆள் அப்பா. சேலத்தில் வண்டியை வாங்கி, அங்கிருந்தே ஒரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையார் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராகக் கடலைக்காய்க் கொட்டகைக்குள் விட்டு, மேலே இரண்டு ஜமக்காளம் போட்டு மூடினார். அதோடு சரி. ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று பயம். அமாவாசைக்கு அமாவாசை ஜமக்காளத்தை விலக்கிச் சூடம் காட்டுவோம். டிரைவர் காலையில் ஒரு தரம் எஞ்சினை உறும விட்டு, வண்டியைத் துடைப்பார். பிறகு சாப்பிடுவார், தூங்குவார். அவரைப்போல் சுகமாக வேலை பார்த்த டிரைவர் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்.

அந்த மனிதர்தான் ஒரு நாள் காலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“எசமானுங்க, கம்பெனிக்காரங்க கேரண்டி தொண்ணூறு நாளைக்குத்தானுங்க. அதுக்குள்ள என்ன கோளாறுன்னு எழுதிக் குடுத்தா அவங்களே சரி பண்ணித் தருவாங்க. நாளையோட முடியுதுங்க.”

அப்பா திண்டாடிப் போனார். சந்தையில் ஒரு மாட்டை வாங்கினாலே பல் பார்த்து, சுழி பார்த்து, கவலை ஏற்றத்தில் பூட்டி நாலு நாள் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பார்ப்பவர் அவர். மாடு படுத்துக்கொண்டால் திருப்பி ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார். இப்போது இவ்வளவு பெரிய வண்டியைத் தொண்ணூறு நாளாகக் கட்டுத்தறியை விட்டு அவிழ்க்காமலே வைத்துவிட்டோம். கோளாறே இல்லாத சாமான் உலகத்தில் ஏது? எல்லாக் கோளாறையும் இன்றைக்கே கண்டுபிடித்தாக வேண்டும் என்றார். வீட்டில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான்தான். பள்ளிக்கூட நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜமக்காளம் விலகியதும் ஊரே கூடிவிட்டது. கதவுகளை மாறி மாறித் திறந்து மூடினோம். பின்பக்க இடது கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் மூடியது, எழுதினேன். பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, வலது விளக்கு இடதைவிட மங்கல் என்று ஒரு கூட்டமும் இல்லை என்று ஒரு கூட்டமும் சண்டை போட்டார்கள், அதையும் எழுதினேன். ஹாரனை அழுத்தியபோது முதல் தரம் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் அலறிய அலறலில் பக்கத்துத் தோட்டத்து எருதுகள் கவலைக் கயிற்றை அறுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் பாய்ந்தன. பாரம் தாங்குமா என்று பார்க்க ஒரே சமயத்தில் பதினான்கு பேர் ஏறினோம். சீட்டில் தோல் நாற்றம் அடிக்கிறது என்று பண்ணையத்து ஆள் ஒருவர் சொன்னார். அதெல்லாம் கோளாறில் சேராது என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா எழுதச் சொன்னார். மத்தியானத்துக்குள் எட்டுக் கோளாறு சேர்ந்துவிட்டது. பரீட்சையில் முதல் மார்க்கு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அப்போதுதான் அம்மா மறுபடி வெளியே வந்தாள்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரே தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காதுகுத்துக்கு அந்தச் சித்தியின் புருஷன் நேரில் வந்து அழைக்காமல் ஆளை விட்டுச் சொல்லியனுப்பினார். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சித்தியின் ஊர்ப் பெயர்கூட எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. நான் சித்தியைப் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தின வாரம் சேலை விற்க வந்தவர், சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆனால் காய்ச்சல் விடவில்லை, எழுந்து உட்காரவே முடியவில்லை, பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் விஷயம். எனக்குப் பிளசர்தான் முக்கியம்.

“ஏனுங்க, பின்னால உக்காந்தா ஒரு சத்தம் கேக்குதுங்க,” என்றாள் அம்மா. பதினான்கு பேரில் அவளும் ஒருத்தியாக ஏறி இறங்கியிருந்தாள்.

டிரைவர் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை.

“இங்க சுத்தினாக் கேக்காதுங்க. தூரமாப் போகோணும். திருச்செங்கோட்டு ரோட்டுல போனா நல்லாக் கேக்குமுங்க.”

திருச்செங்கோட்டு ரோட்டில் அந்த வண்டி அதுவரை போனதே இல்லை. அங்கே எப்படிச் சத்தம் கேட்கும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வண்டியை எடு.”

“எசமானுங்க, வண்டியில சத்தமே இல்லீங்க.”

“அவளுக்குக் கேக்குது. உனக்குக் கேக்கலைன்னா உன்ற காதுலதான் கோளாறு.”

அம்மா உள்ளே போய் ஒரு துணி மூட்டையும் செம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். செம்பு எதற்கு என்றேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்றாள். மூட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

அந்தப் பயணம் இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. பனைமரங்கள் பின்னால் ஓடின. பாரவண்டிகள் ஓரம் கட்டின. புழுதி கண்ணில் விழுந்தும் நான் கண்ணை மூடவில்லை. மைல் கல்லுக்கு ஒரு தரம் “கேக்குதுங்களாம்மா?” என்பேன். “கேக்குது சாமி, இன்னும் தள்ளிப் போகோணும்,” என்பாள். உண்மையைச் சொன்னால், கொஞ்ச தூரம் போனதும் எனக்கும் டிக் டிக்கென்று கேட்க ஆரம்பித்துவிட்டது. திருச்செங்கோட்டு மலை கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு புளியமரத்தடியில், சின்ன ஊர் ஒன்றுக்குப் பாதை பிரிகிற இடத்தில், அம்மா முன்சீட்டைத் தட்டினாள்.

“இங்கதானுங்க. இங்க நல்லாக் கேக்குது.”

அப்பா இறங்கி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். டிரைவர் ஜாக்கியை எடுத்தார். தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று அம்மா செம்போடும் மூட்டையோடும் கிளம்பினாள்.

“மெதுவா வா,” என்றார் அப்பா, திரும்பாமலே.

அம்மா மெதுவாகப் போகவில்லை. கொஞ்ச தூரம் நடந்தவள் பிறகு ஓடினாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “நீயும் போயிட்டா யாரு எழுதறது?” என்று அப்பா பிடித்துவைத்துக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது.

நாலு சக்கரமும் கழன்றன, நாலும் மாட்டப்பட்டன. ஒன்றும் அகப்படவில்லை. அம்மா இன்னும் வரவில்லை. முதல் சக்கரத்தை மாட்டியது சரியாக இல்லை, மறுபடி கழற்று என்றார் அப்பா. டிரைவர் அழாத குறையாக உட்கார்ந்தார். இரண்டாவது சக்கரத்தையும் மறுபடி கழற்றிக்கொண்டிருந்தபோது, ஊருக்குள்ளிருந்து ஒருவர் சீவின இளநீர் மூன்றைக் கொண்டுவந்து வண்டிப் படியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அப்பா எனக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். பிறகு குடித்தார். அவர் குடித்து முடித்ததும் அந்த ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். யார் என்று கேட்டேன். ஊர்க்காரர் என்றார் அப்பா.

வெயில் தாழ்ந்தபோது அம்மா வந்தாள். மூட்டை இல்லை. கண் வீங்கியிருந்தது, ஆனாலும் ஒரு வாரமாக இல்லாத களை முகத்தில் இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அடிக்கும் வசம்பு வாசனை அவள் தோளில் அடித்தது. செம்பை வாங்கிப் பார்த்தேன், காலி.

“தண்ணி எங்கீங்கம்மா?” என்றதும் அம்மா விழித்தாள்.

“வண்டி சூடாகல. தண்ணி வேண்டாம்,” என்றார் அப்பா.

திரும்பி வரும்போது அம்மாவுக்குச் சத்தமே கேட்கவில்லையாம். சித்தி எழுந்து நடமாடுகிறாள் என்று அடுத்த மாதம் சேலைக்காரர் வந்து சொன்னபோது அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படாதது எனக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது.

அன்று விளக்கு வைத்ததும் அப்பா பட்டியலைப் படிக்கச் சொன்னார். விடிந்ததும் டிரைவர் அதைச் சேலத்துக் கம்பெனியில் சேர்க்க வேண்டும். எட்டையும் படித்துவிட்டு, வழியில் நானாக எழுதிக்கொண்டதை உரக்கப் படித்தேன்: ஒன்பது, பின் சீட்டில் ஒரு சத்தம்.

“அதை அடிச்சிரு சாமி.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. தோல் நாற்றத்தை எழுதலாம், இதை எழுதக்கூடாதா? இதற்காகத்தானே அவ்வளவு தூரம் போனோம்? “நாளைக்கு மேல கம்பெனிக்காரங்க பாக்க மாட்டாங்களே! மறுபடி சத்தம் வந்தா என்னங்கப்பா பண்ணறது?”

“வந்தா நாமளே போய்ப் பாத்துக்கலாம்.”

அடுப்படியில் ஏதோ செய்துகொண்டிருந்த அம்மாவின் கைச் சத்தம் நின்றது. நான் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி அந்த வரியை அடித்தேன். இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிவிட்டு, கேரண்டி என்றால் என்னவென்றே தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று எனக்கு அப்பாமேல் பரிதாபமாக இருந்தது.