லோக்கல் சர்வர் நத்தானியேல்

ஆம்பூரில் சர்வர் என்றால் ஓட்டலில் பிரியாணித் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவர். ஜோலார்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, மகன் ஒரு கம்பெனியில் லோக்கல் சர்வர் பார்த்துக்கொள்கிறான் என்று நத்தானியேலின் அம்மா நர்ஸ் இன்பம் பெருமையாகச் சொன்னார். ரயில்வேயில் இருந்த பெண்ணின் அப்பா, எந்த ஓட்டல் என்று கேட்டார். நத்தானியேல் மறுநாள் ஆபீசில் இதைச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

2003இல் பஜாரில் ரஷீத் அஹமது நடத்திய கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஷூ ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். பக்கங்களை நான் எழுதுவேன். இன்டர்நெட்டுக்குப் போகும் முன் அவை மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடும். எங்கள் அறைக்குள் மட்டும் தெரியும். அதுதான் லோக்கல் சர்வர். அதற்குப் பொறுப்பு நத்தானியேல். கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும் நாலு நிமிஷத்துக்குள் அதை முறையாக அணைப்பான். தினமும் சாயங்காலம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பான். நான் அவசரத்தில் எதையாவது அழித்துவிட்டு முழித்தால், "இன்னாடா, நேத்து இருந்தது போதுமா, முந்தாநேத்துதும் வேணுமா?" என்பான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். ரஷீத் பாய்க்குக்கூடத் தெரியாது.

மறு வருஷம் ஜெர்மன் கம்பெனி ஒன்று, அங்கேயே வந்து வேலை செய்ய ஓர் ஆள் கேட்டது. பாய் இருவர் பெயரையும் கொடுத்தார். நத்தானியேல் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எனக்குப் பள்ளியிலேயே தமிழ், ஆங்கிலம் இரண்டும் வந்திருந்தது. அதனால் இரண்டு பயோடேட்டாவையும் நானே டைப் செய்தேன். செய்த வெப்சைட்டுகள் என்ற இடத்தில் எனக்குப் பதினொரு முகவரிகள். அவனுக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

"என் வேலைக்கு வெளிய அட்ரஸ் ஏதுடா? லோக்கல் சர்வர்னு போடு. உன்கிட்ட பேசுவாங்க இல்ல, அப்ப நீ சொல்லு, நான் இன்னா பண்றேன்னு."

சொல்கிறேன் என்றேன்.

ஜெர்மன் கம்பெனிக்காரர்கள் என்னிடம் போனில் இருபது நிமிஷம் பேசினார்கள். இத்தனை சைட்டில் ஒன்றுகூட ஒரு நாளும் நின்றதில்லையே, எப்படி என்று கேட்டார்கள். நத்தானியேல் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். நான் கவனமாக வேலை செய்கிறவன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அளவு ஆங்கிலம் அவனுக்குப் புரியும்.

என்னைத்தான் எடுத்தார்கள். நான் ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வந்து ஒரு சிடி கொடுத்தான். "உன் பதினொண்ணும் இதுல இருக்கு. அங்க போய் பேஜார் ஆவாத."

ஆறாவது மாதம் பாய் கம்பெனியை மூடினார். நத்தானியேல் மாதனூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் டைம் ஆபீசில் சேர்ந்தான். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. இன்றைக்கும் அதுதான்.

2008இல் இங்கே ஜெர்மனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. என்னிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சிடியைப் போட்டேன். ஒவ்வொரு சைட்டோடும் ஒரு சின்னக் குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ். தேதி, அதன் பக்கத்தில், 'ஒடஞ்சது. சரி பண்ணேன்.' எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தேழு. உடைத்தவன் பெயர் எங்கும் இல்லை.

அவனுக்குப் போன் செய்தேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தான். இதை அப்போதே அவர்களுக்கு அனுப்பியிருந்தால் நீதானே வந்திருப்பாய், ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"உன்னத்தான் சொல்லச் சொல்லியிருந்தேனே" என்றான்.