லேபிள் இல்லாத டப்பா

வெளிப்பூச்சு மருந்து எதுவானாலும், அதன் டப்பாவில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது, தயாரித்தது யார், உரிம எண் என்ன என்பதும் இருக்க வேண்டும். மருந்து விதிகளில் உள்ளதைத்தான் சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விதிகளைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேறு யாரும் படிப்பதில்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஐப்பசி மழையின்போது நடந்தது இது. காஞ்சிபுரத்தில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை இறக்கி மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோயிருந்தது. தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் மூட்டுவலி முகாம் என்று ஆட்டோவில் மைக் வைத்துக் கூவினார்கள். இவர் போய் ஒரு டப்பா பொடி வாங்கி வந்தார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மேலே ஒரு எழுத்துகூட இல்லை. லேபிள் எங்கே என்று கேட்டேன்.

"லேபிளைத் தேய்ச்சா வலி போவுமா மேடம்?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை பொடியை நல்லெண்ணெயில் குழைத்து முட்டியில் தேய்த்துக்கொண்டார். துண்டில் கையைத் துடைத்துவிட்டு, பாவு பிணைக்க உட்கார்ந்தார். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் மனைவி மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் எறங்கி வாங்க. உதடு மரத்துப் போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப பேச்சே குழறுது."

இறங்கிப் போனேன். ஆள் வியர்வையில் நனைந்திருந்தார். நாக்கில் எறும்பு ஊறுகிறது என்று குழறலாகச் சொன்னார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடி கொஞ்சம் ஓடியது, நின்றது, பிறகு தறிகெட்டு ஓடியது.

ஆஸ்பத்திரியில் பக்கவாதமாக இருக்கும் என்று தலையை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். இசிஜி எடுத்த இளம் டாக்டர் அம்மா மட்டும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இரண்டு இட்லி என்றார் மனைவி. வேறு எதுவும் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லவே இல்லை. ஆதாரம் இல்லாமல் எந்த வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது என் வழக்கம். டப்பாவைப் பையில் கொண்டு போயிருந்தேன். முட்டியில் தேய்த்தது என்று சொல்லி எடுத்து நீட்டினேன். டாக்டர் திறந்து பார்த்தார்.

"இது தடவறதுதானே? உள்ள எப்படிப் போகும்?"

வீட்டுக்காரர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் தொட்டு, இல்லாத இரண்டு இழைகளைக் காற்றில் முறுக்கிக் காட்டினார். மறுபடி நாக்கு, மறுபடி முறுக்கு.

"காலையில இருந்து இதைத்தான் பண்ணிக்கினு இருந்தாரு."

ஈரம் படாமல் பட்டு நுனி பிடிக்காது. துண்டில் துடைத்தால் போகிற விஷமா அது? இழைக்கு இழை, நாக்குக்கு நாக்கு, உள்ளே போயிருக்கிறது.

அங்கேயே சித்தா பிரிவில் இருந்த மருத்துவர் பொடியைப் பார்த்ததும், வச்சநாபிக் கிழங்கு என்று சந்தேகப்பட்டார். முறையாகச் சுத்தி செய்து, நஞ்சை முறித்து, அளவோடு சேர்க்க வேண்டிய சரக்கு. பணம் பார்க்க வந்தவன் பச்சையாகவே இடித்து டப்பாவில் போட்டிருக்கிறான். அதில் அகோனிட்டின் என்றொரு ஆல்கலாய்டு இருக்கிறதாம். நரம்பிலும் இதயத் தசையிலும் மூட வேண்டிய கதவுகளை மூடவிடாமல் திறந்தே பிடித்துக்கொள்ளுமாம். முதலில் உதடு மரக்கும், அப்புறம் கைகால், கடைசியில் இதயம் தாளம் தப்பும். இதற்கு மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னபோது, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவு பாதியில நிக்குது மேடம். அவரு வந்து முடிப்பாரா?"

மறுநாள் விடியும்வரை ஊசி மருந்தும் மின்அதிர்ச்சியும் மாற்றி மாற்றிக் கொடுத்துத்தான் அந்த இதயத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்து பேச வந்ததும் அவர் என்னிடம் சொன்னது இது: "எவ்ளோ பொய் பேசின நாக்கு மேடம் இது. அப்பல்லாம் ஒண்ணும் ஆவல. வேலை செஞ்சதுக்கு மரத்துப் போச்சு."

நான் சிரிக்கவில்லை. அன்றே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். விதி, டப்பாவின் புகைப்படம், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் எல்லாம் இணைத்து, பொடி விற்ற அதே ஆள் அடுத்து பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் முகாம் போடப்போவதையும் குறிப்பிட்டு அனுப்பினேன். மனு எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. முகாம் நாளன்று வீட்டுக்காரர் மனைவிதான் தம்பியின் வண்டியில் ஏறி முசரவாக்கம் போய், பந்தல் வாசலில் நின்றுகொண்டு வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். மத்தியானத்துக்குள் அந்த ஆள் கடையைக் கட்டிவிட்டான். வேறெங்கே விரித்திருக்கிறானோ.

நினைவூட்டல் போட்டேன். மேல்முறையீடும் போட்டேன். கடைசியில் மின்னஞ்சலில் பதில் வந்தது. மனுவில் கண்ட பொருளின் கொள்கலத்தில் பெயர், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் ஏதும் காணப்படாததால் அதனை மருந்து எனக் கருத இயலவில்லை. எனவே மருந்து விதிகள் பொருந்தா. மனு முடித்து வைக்கப்படுகிறது. அதாவது, ஒரு விதியை மீறினால் குற்றம், எல்லா விதிகளையும் மீறிவிட்டால் ஒன்றுமில்லை.

இப்போது கீழே தறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. அதில்தான் விரலை நனைத்துக்கொள்கிறார். படியிறங்கும்போதெல்லாம் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு உண்மையில் அமலுக்கு வந்த ஒரே பாதுகாப்பு விதி அதுதான். அலுவலகத்தின் பதில் வந்த தேதியைச் சொல்லிவிடுகிறேன். நிலுவைக் கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட எல்லா அலுவலகங்களும் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போடும் நாள் அது: மார்ச் 31.