கப்பலுக்கு வெட்டிய வெள்ளைச் சட்டை

பாரிசிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய பெட்டியில், மரத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் பாய்க்கப்பல் ஒன்று இருந்தது. அப்போது முல்லைத்தீவில் கடலுக்குப் போகத் தடை. தொழிலில்லாத நான் ஒரு மாதம் அதோடேயே கிடந்தேன். பாய்த்துணியை மட்டும் எலி கடித்திருந்தது. இடம்பெயர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓட மனைவி கட்டிவைத்திருந்த பொதிக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை கிடந்தது. பழசுதானே என்று வெட்டிப் பாய் தைத்தேன்.

"எப்படி என்ரை கப்பல்?" என்றேன் பெருமையோடு.

அவள் பாயைத் தடவினாள். "இது எங்கடை பிள்ளையின்ரை ஞானஸ்நான உடுப்பெல்லோ?"

காய்ச்சலில் இறந்துபோன எங்கள் மகன். அந்த உடுப்போடு அவனை மாதா கோயிலில் ஏந்தி நின்றவன் நான்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்தமுறை ஊரைவிட்டு ஓடியபோது அவள் பாயை மட்டும் கழற்றி எடுத்தாள். கப்பலை நானும் தூக்கவில்லை. இன்றுவரை அவள் என்னை ஏசியதில்லை. ஒருதரம் ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.