கல் பெஞ்சு வாக்காளர்கள்

இல்லாத ஆட்களைத் தேடிப் போவதுதான், தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் கடைசி வருடங்களில் எனக்கு வாய்த்த வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டு வரும் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், அந்த ஆள் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கதவிலக்கம் தேடி அலைந்த கூரியர்காரர்கள், கணக்கெடுக்கப் போன டீச்சர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். நம்மை எழுந்து வந்து வரவேற்பது தெரு நாய் மட்டும்தான்.

ஒருமுறை ஒரே கட்டாக நூற்றுப் பத்துப் படிவங்கள் வந்தன. படிவத்துக்கு இவ்வளவு என்று பேசி, ஆள் வைத்துச் சேகரித்த ஏதோ ஓர் ஏஜென்சியின் வேலை. எல்லாமே ஒரே கையெழுத்து. மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்றார் அதிகாரி. அதில் ஒருவர் நிஜமாக இருந்துவிட்டால் அவர் ஓட்டும் போய்விடுமே என்றேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க மேடம். அப்படி ஒருத்தர் கிடைச்சா எனக்கும் காட்டுங்க."

ஏழாம் எண் அறை

செங்கம் ரோட்டில் ஒரே விலாசத்தில் பதினொரு வாக்காளர்கள். போய்ப் பார்த்தால் தங்கும் விடுதி. படிவங்களில் போட்டிருந்த ஏழாம் எண் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் திறந்து, மௌன விரதம் என்பதுபோல் உதட்டில் விரல் வைத்துச் சிரித்துவிட்டு, மறுபடி ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்க்கப் போய்விட்டாள். கீழே மேனேஜரிடம் படிவங்களைக் காட்டினேன்.

"பதினொரு பேரா? மூணாவதா ஒரு ஆள் வந்தாலே ஃபேன் காத்து வரலைனு சண்டைக்கு வராங்கம்மா!"

உபயம்

மூன்றாம் நாள் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில், கால் வலி தாங்காமல் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயும் பலகையில் உபயதாரர் குடும்பத்தின் பெயர்களை வெட்டியிருந்தார்கள். எழுத்தாக எதைப் பார்த்தாலும் வாசித்துவிடுவது என் பழக்கம். வாசித்தேன். தகப்பன், மகன், மருமகள் என்று அதே பெயர்கள், அதே வரிசையில் என் மடியிலிருந்த படிவங்களில் இருந்தன.

அடுத்த பெஞ்சுக்குப் போனேன். அங்கே அடுத்த குடும்பம். 'நினைவாக' என்று கல்லில் போட்டிருந்த ஒரு பெரியவருக்குப் படிவத்தில் வயது பத்தொன்பது. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம், இங்கே யாராவது உட்கார்ந்து எழுதினார்களா என்று கேட்டேன்.

"பின்தெரு கலாதான். ரெண்டு நாளா இங்கியே குந்தினு எழுதினு இருந்துச்சு. பரீட்சைக்குப் படிக்குதுனு நெனச்சு டீல சக்கரை ஜாஸ்தி போட்டுக் குடுத்தேன்."

கடைசிப் படிவம்

கலாவைத் தெருக் குழாயடியில் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். மறுக்கவில்லை. "மொதல்ல வீடு வீடாத்தான் போனேன் மேடம். யாரும் கதவு தொறக்கல. தினம் இத்தனை வேணும்னு ஏஜென்சிலேர்ந்து போன் மேல போன்." சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

புருஷன் பெங்களூர் போய் இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்லி மாமியார் தினமும் விரட்டுகிறார். இந்த வீட்டில்தான் வாழ்கிறாள் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அவளிடம் இல்லை. அதனால் கட்டின் அடியில் தன் படிவத்தையும் வைத்திருக்கிறாள்.

"மத்ததையெல்லாம் கிழிச்சுப் போடுங்க மேடம். கடைசியா இருக்கறது மட்டும் பொய்யில்ல. அது நான்."

அப்படி யாரும் இல்லை

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். கலா என்று ஆரம்பித்ததுமே, "அப்படி யாரும் இங்க இல்ல. அவ அம்மா ஊட்டுக்குப் போயி வருஷமாச்சு" என்றார். அந்த வாரம் முழுக்க வாசலுக்கு வாசல் கேட்ட அதே வாக்கியம். பக்கத்து வீட்டில் கேட்டேன்; குடும்பச் சண்டையில் இழுக்காதீர்கள் என்று உள்ளே போய்விட்டார்கள். பேனாவைத் திறந்தேன். குடியிருக்கவில்லை என்று எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அப்போது ஓர் ஆடு, காயப்போட்டிருந்த மல்லாட்டையில் வாய் வைத்தது. மாமியார் என்னை மறந்து உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏய் கலா! ஆடு மேயுது பாரு, உள்ள இன்னாடி பண்ற?"

வெள்ளிக்கிழமை

துடைப்பத்தோடு ஓடிவந்தவளை நேரில் பார்த்ததாக எழுதிக் கொடுத்தேன். மீதியெல்லாம் போலி, எழுதியதும் அவளே என்று அவள் வாக்குமூலத்தையும் சேர்த்தே வைத்தேன். அதற்கான விசாரணை தனியாக நடக்கும், அவள் பதில் சொல்லியாக வேண்டும். அதிகாரி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் எழுதினவளுக்கே ஓட்டா என்றார். எங்கே குடியிருக்கிறாள் என்றுதானே சார் படிவம் கேட்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

"ஆட்டையும் சாட்சியாப் போட்டிருக்கீங்களே மேடம், அது கைநாட்டு எங்க?"

நூற்றொன்பது பேர் இருப்பதாக எழுதிக் கொடுத்தவளுக்கு, தான் ஒருத்தி இருப்பதற்குச் சாட்சி சொல்ல ஓர் ஆடுதான் வரவேண்டியிருந்தது.