அண்ணி பந்து பிடித்த வருடம்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் அவர் சென்னையிலிருந்து மரக்காணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. கையில் ஒரு சூட்கேஸும் ஒரு மிக்ஸியும் இருந்தன. சூட்கேஸைத் திறந்தபோது அவருடைய புடவைகளைவிட அவர் கணவரின் சட்டைகள்தான் அதிகம் இருந்தன. நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தவர். ஒரு நாள் காலையில் வேலை முடிந்து வந்து, டீ கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி டீயோடு வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரே மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருக்கிறாள். போக்கிடம் என்று தம்பி வீடுதான் இருந்தது.

எங்கள் மகன் கல்லூரி விடுதியில் இருந்ததால் அவன் அறையை அண்ணிக்குக் கொடுத்தோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது உதடு மட்டும் அசையும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கல்யாணத்துக்கு முன்பு இதே ஊரில் உப்பளத்துக்கு வேலைக்குப் போனவர் அவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போவார் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த உடம்பா இது என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை ஏறியது. நான் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "மாத்திரை போட்டா மட்டும் போதாதும்மா. தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும். நடக்காம அடுத்த மாசம் வந்தீங்கன்னா மாத்திரைய ஏத்தத்தான் செய்வேன்."

நடப்பதில் எனக்கு ஒரே ஒரு சிக்கல், நாய். முதல் நாள் தெருமுனையில் மூன்று நாய்கள் குரைத்தன. நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார். வேறு வழி தெரியாமல் அண்ணியின் அறை வாசலில் போய் நின்றேன்.

"அண்ணி, எனக்கு நாய்ன்னா பயம். தனியா நடக்க முடியல. கூட வர்றீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எந்தத் தெரு நாயி?"

"எல்லாத் தெரு நாயும்தான்."

பிறகு எழுந்து தலையை முடிந்துகொண்டார். அவரை வெளியே கொண்டுவர நான் போட்ட திட்டம் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். அப்படி எதுவும் இல்லை. எனக்கு உண்மையாகவே நாய்க்குப் பயம்.

உப்பளத்தை ஒட்டிப் போகும் சாலையில் நடந்தோம். அண்ணி முன்னால் போவார், நான் மூச்சிரைக்கப் பின்னால் போவேன். நாய் வந்தால் அவர் கல்லெடுப்பதுபோலக் குனிவார், அவ்வளவுதான், அது போய்விடும். பாத்திகளில் தண்ணீர் நிற்கும். அந்நேரத்துக்கே வேலைக்கு வந்துவிட்ட பெண்கள் புடவைக்கு மேலே ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணி அவர்களைப் பார்ப்பார், ஆனால் நிற்கமாட்டார். முதல் இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தமாகச் சேர்த்தால் பத்து வாக்கியம் இருக்காது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பாதி போயிருக்கும். ஒரு நாள் நடந்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "இட்லி இன்னும் ரெண்டு இருக்குதா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தேன். அவர் முன்னால் அழக்கூடாது என்று ஆவி முகத்தில் படும்படி கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பிறகு அவர் தூங்க ஆரம்பித்தார். அதுவரை படுத்திருந்தாரே தவிரத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

கோடையில் காலை வெயிலுக்குப் பயந்து நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். மாதா கோயில் மைதானத்தைச் சுற்றி நடப்போம். எங்கள் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த விளையாட்டு டீச்சர் ஒருவர் அங்கே வலை கட்டிப் பெண்களைச் சேர்த்து த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ், ஒரு மீன்காரம்மா, உப்பளத்து வேலைக்குப் போகும் இரண்டு பேர், கல்லூரிப் பெண்கள் சிலர். பந்தைக் கையால் பிடித்து வலைக்கு மேலே எறிய வேண்டும், அந்தப் பக்கம் தரையில் விழுந்தால் நமக்குப் புள்ளி. ஆட்டம் அவ்வளவுதான்.

"சும்மா சுத்திச் சுத்தி வர்றீங்களே அக்கா, இங்க ஒரு ஆளு கொறையுது," என்று டீச்சர் ஒரு நாள் கூப்பிட்டார். நான் போனேன். அண்ணி என் செருப்பையும் போனையும் வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்தார். என்னை நோக்கி வந்த பந்தையெல்லாம் நான் தவறவிட்டேன். அப்படித் தவறவிட்ட ஒன்று உருண்டு போய் அண்ணியின் காலடியில் நின்றது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்து எறிந்தார். அது எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே பறந்து, வலையைத் தாண்டி, கடைசிக் கோட்டையும் தாண்டி விழுந்தது.

மீன்காரம்மாதான் முதலில் பேசினார். "ஏம்மா, அந்தக் கைய வச்சிக்கினு படியில குந்தினு இருக்கிறியே."

அன்றைக்கு அவர் ஆட வரவில்லை. மறுநாளும் படியிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் உப்பளத்துப் பெண் ஒருத்தி தண்ணீர் குடிக்க வந்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாள் பூரா வெயில்ல உப்பு வார்றது போதாதா, சாயங்காலம் இது வேறயான்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு. அது மொதலாளிக்கு, இது எனக்குன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவள் ஆடப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்.

எறிவது அவருக்குப் பிறவியிலேயே வந்ததுபோல வந்தது. பிடிப்பதுதான் கஷ்டம். பந்தைப் பிடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். "மூணு செகண்டுல போட்டுடணும்க்கா, வச்சிக்கக் கூடாது," என்று டீச்சர் கத்துவார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. "வுடு, எனக்கு வுடு," என்று அவர் குரல் மைதானம் முழுக்கக் கேட்கும். எங்கள் வீட்டில் இத்தனை மாதமாக யாரும் கேட்காத குரல்.

அந்தக் குரல்தான் ஊர்க் காதிலும் விழுந்தது. ஜூலையில் ஒரு சாயங்காலம் என் கணவர் அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "மாமா போய் ஆறு மாசம்கூட ஆவல. டீக்கடையில ஒருத்தன் என் காதுபட பேசறான். அக்காவ கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கச் சொல்லு."

நான் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் அடுப்படியை ஒட்டிய பின்வாசலில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் மைதானத்துக்கு வரவில்லை. அறையில் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான்கு நாள் அப்படியே போனது. தட்டில் மறுபடியும் பாதிச் சோறு.

ஐந்தாம் நாள் நான் வேலையிலிருந்து வந்ததும் நேராகப் போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"அவரு சொன்னதுக்காகவா அண்ணி?"

"தம்பி சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அவர் என் பக்கம் திரும்பிப் படுத்தார். "பந்து வர்றப்ப எனக்கு வேற எதுவும் தெரியல. அவரு செத்துப்போனதுகூடத் தெரியல. ஆட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டும்போதுதான் நெனப்பு வருது. அது நல்லாவும் இருக்குது, பயமாவும் இருக்குது. இப்பிடியே மறந்துடுவேனோன்னு."

அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நெனப்பு வருதுல்ல அண்ணி, செருப்பு மாட்டும்போது," என்று கடைசியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

கணவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்க் கை கழுவினார். மறுநாள் என்றைக்கும் இல்லாமல் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து அறை வாசலில் நின்றார்.

"அக்கா, கெளம்பு. வண்டில கொண்டுபோய் வுடறேன்."

"ஊரு பேசும்டா."

"பேசிட்டுப் போவட்டும். நீ படுத்துனு இருக்கிறத என்னால பாக்க முடியல."

அண்ணி எழுந்து சூட்கேஸைத் திறந்தார். புடவைக்கு மேலே, உப்பளத்துப் பெண்கள் போடுவதுபோல, அண்ணனின் நீலச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார். கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். என் கணவர் அவரை இறக்கிவிட்டுவிட்டுப் போகவில்லை. வண்டி மேலேயே உட்கார்ந்து, வந்து போகிற எல்லோரும் தன்னைப் பார்க்கும்படி, ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்குக் கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒரு அணி வந்தது. எல்லாம் இருபது வயதுப் பெண்கள், ஒரே மாதிரி பனியன். நாங்கள் ஆளுக்கொரு நிறத்தில் நின்றோம். முதல் ஆட்டத்தில் மோசமாகத் தோற்றோம். இரண்டாவதில் கொஞ்சம் சமாளித்துத் தோற்றோம். அதில் ஒரு பந்துக்காக அண்ணி பாய்ந்து விழுந்தார். பந்து கிடைக்கவில்லை, முழங்கால்தான் சிராய்த்தது. அடுத்த பந்து என் முகத்துக்கு நேராக வந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். கண்ணைத் திறந்தபோது பந்து என் கையில் இருந்தது.

ஆட்டம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் அண்ணியின் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். அண்ணி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "கண்ண மூடிக்கினு புடிச்சா பாரு," என்று என்னைக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நாங்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழுகைக்குப் போனார் என்று தெரியவில்லை. சென்னையில் அடக்கத்தின்போதுகூட அவர் அப்படி அழுததில்லை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மீன்காரம்மா எழுந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி எங்கள் முன்னால் நின்றுகொண்டார். ஒருவரும் "அழாதே" என்று சொல்லவில்லை. முடித்ததும் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, போலாமா?" என்றார்.

திருவிழா முடிந்த மாதம் டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைத்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அண்ணியோடு பந்து ஆடுகிறேன் என்றேன். நம்பாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மழைக்காலம் வருவதற்குள் அண்ணி கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கோயிலுக்குப் பின்னால் ஒரு ரூமையும் வாடகைக்குப் பிடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார். என் கணவர் முகம் வாடிப்போனது.

"இங்க எதனா கொறையா அக்கா?"

"ஒரு கொறையும் இல்லடா. எனக்கு இப்ப முடியுது. முடியறப்ப தனியா இருந்து பாக்கறேனே."

நாங்கள்தான் சாமான்களைக் கொண்டுபோய் வைத்தோம். எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் பொய். ஒரு வாரம் வீடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவர் ரூமுக்குப் போனேன். சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், "நேத்து ரொம்ப எறிஞ்சிட்டேன் போல, தோளு புடிச்சினு இருக்குது," என்று தைலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பின்னால் உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். வந்த புதிதில் எலும்பு மட்டும் தெரிந்த தோள் அது. இப்போது என் விரலுக்கடியில் சதை இறுக்கமாக, உருண்டு நகர்ந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.