ஜெபச் சீட்டில் நான் எழுதாத வலி

கர்த்தருக்குள் அன்பானவங்களே, என் பேர் கிரேஸ். இரும்புலியூர்ல வீடு, குரோம்பேட்டையில கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு மாசமும் அந்த நாலு நாள் நான் செத்துப் பிழைச்சேன். போர்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அல்ஜீப்ரா நடத்தியிருக்கேன்.

சபையில ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில போடுவோம். மூப்பர் அதை மைக்ல வாசிப்பார். 'மாதவிலக்கு வலி'ன்னு எப்படி எழுதறது? 'சரீர பலவீனம்'னு எழுதுவேன். நம்ம பொம்பளைங்க பாதிப் பேர் எழுதறது அதானே! மூட்டு வலித் தாத்தாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஜெபம். வலி மட்டும் போகல. "ஆண்டவரே, காது கேக்குதா இல்லையா?"ன்னு கத்தியே விட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல சுருண்டு விழுந்தேன். பாஸ்டரம்மா ஓடி வந்து என் கையில இருந்த சீட்டைப் பார்த்தாங்க.

"சரீரம்னா எங்கம்மா? வாயைத் திறந்து சொல்லு."

சொன்னேன். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன்.

"ஜெபம் பண்றேன். நாளைக்கு ஸ்கேனுக்குப் போறோம், நானும் வரேன்."

எண்டோமெட்ரியோசிஸ்னு வந்தது. கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரி சதை வெளியேயும் வளர்ந்து, சினைப்பையில கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டிக்குள்ள புற்றுநோய். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உடைஞ்சு போயிட்டார். எனக்கு அழுகை வரல, கோபம்தான் வந்தது. இவ்வளவு வருஷம் கேட்டதுக்கு இதுவா பதில்?

டாக்டரம்மா ரிப்போர்ட்டோட வந்தாங்க. "எண்டோமெட்ரியோசிஸ் இருக்கறவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் புற்று வரும். ஆனா அது பெரும்பாலும் சீக்கிரமே தெரிஞ்சுடும். சினைப்பைப் புற்று பொதுவா வெளியே காட்டிக்காம முத்திடும்மா. உங்களை வலி இழுத்துட்டு வந்துடுச்சு. முதல் கட்டம்தான், சினைப்பையைத் தாண்டல."

எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. எந்த வலியை எடுத்துப் போடுங்கன்னு கெஞ்சினேனோ, அதே வலியைப் பிடிச்சு அவர் என்னைக் காப்பாத்திட்டார்! அவருக்குக் காது கேட்டுக்கிட்டுதான் இருந்தது. வாயை மூடிக்கிட்டிருந்தது நான்தான்.

சிகிச்சை முடிஞ்சுது. கொட்டின முடி சுருட்டையா வளருது. இதுவரைக்கும் எல்லா டெஸ்ட்டும் சுத்தம். அல்லேலூயா!

போன மாசம் மைக்கை நானே வாங்கினேன். மாதவிலக்கு, எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைப் புற்று, ஒண்ணு விடாம சொன்னேன். மூப்பர் தலை குனிஞ்சுக்கிட்டார், குனியட்டும்!

சகோதரிகளே, நம்மைப் படைச்சவர்கிட்ட என்ன வெட்கம்? உள்ளதை எழுதுங்க, டாக்டர்கிட்டயும் போங்க. நான் மைக்ல சொன்னதுக்கு அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தா, மூணு சீட்டுல 'சரீர பலவீனம்'ங்கறதைக் கோடு போட்டு அடிச்சிருந்தது. பக்கத்துல, உண்மையான வலி. அந்த மூணு பேரோடயும் இந்த வாரம் நான் ஸ்கேனுக்குப் போறேன்.